பூலுடையார் அடைப்பு

கேளுங்க. நம்ம குளத்துல தண்ணி நின்ன நாளைவிட ஆடு மேஞ்ச நாளே அதிகம்னு சொல்லுற ஒரு காலம் இருந்திச்சாம். பாட்டனுக்குப் பாட்டன், அவனுக்கும் பாட்டன் காலம். அப்பவும் மேக்க மலைதான், கெழக்க பொட்டல்தான், நடுவுல நம்ம நாவலடிக்குறிச்சிதான். நூறு தலைக்கட்டு இருந்தாவளாம். அந்த நூறுல ஒருத்தர் பூலுடையார்.

பூலுடையாருக்கு வேலை நீர்பாய்ச்சுறது. குளத்து மடையைத் திறக்கணும், அடைக்கணும். எந்த வயலுக்கு எப்போ முறை, எவ்வளவு நேரம் முறைன்னு பாத்துத் தண்ணி விடணும். அந்த வேலை பாத்துப் பாத்து அவருக்கு யாரையும் நம்ப முடியாமப் போயிட்டாம். வரப்புல புதுசா ஒரு கால்தடம் இருந்தா, இது யாரு காலுன்னு குத்தவச்சுப் பாப்பாராம். ஒரு வயல்ல தவளை கத்துனா, இன்னைக்கு இந்த வயலுக்கு முறை இல்லையே, தவளைக்கு இங்க என்ன சோலின்னு இறங்கிப் போவாராம். அவரு பொஞ்சாதி பேராச்சி. அவ என்னைக்காவது ருசியாக் குழம்பு வச்சா, "இன்னைக்குக் குழம்பு நல்லா இருக்கே, என்ன விசயம்"னு கேப்பாராம். அப்படி ஒரு மனுசன்.

அந்தக் காலத்துல ஒரு ஐப்பசி மழை வரல. சரி, ஆனிச் சாரல் வரும்னு இருந்தாவ. சாரல் வரல. மறு ஐப்பசியும் வானம் வெளுத்துக் கெடந்திச்சு. மறு ஆனியும் அப்படியே போச்சு. மூணாவது ஐப்பசியும் போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. குளம் வத்திட்டு. கிணறு வத்திட்டு. மலை அடிவாரத்துல பாறையடி ஊத்துன்னு ஒண்ணு இருக்குல்லா, அது மட்டும் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துக்கிட்டு இருந்திச்சாம். நூறு வீடும் அந்தச் சுண்டுவிரல் தண்ணியைத்தான் குடிச்சிருக்கு. வீட்டுக்கு நாளைக்கு ஒரு குடம், மீதி ஆடு மாட்டுக்கு. பொம்பளைய வரிசையில நிப்பாவ. ஒருத்தி குடத்தை வைப்பா, அவளுக்குப் பின்னால நிக்கவ ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவா. எம்பது எண்ணும்போது குடம் நிறையும். எம்பதுக்கு மேல போச்சுன்னா பேச்சு வந்துரும். "உன் குடம் பெருசு"ன்னு இவ சொல்லுவா. "நீ ஓட்டமா எண்ணுதே"ன்னு அவ சொல்லுவா.

ஊரு முழுக்க அப்படித்தான் ஆகிப்போச்சு. ஒருத்தன் உதடு காயாம இருந்தா, அவன் வீட்டுல களவாத் தண்ணி இருக்குன்னு பேச்சு. ஒரு வீட்டு முத்தத்துல முருங்கை பச்சையா நின்னா, அந்த வீட்டுக்காரனை யாரும் முகத்துக்கு நேரா பாக்க மாட்டாவ. முருங்கை வச்சிருந்தவன் எல்லாம், எதுக்கு வம்புன்னு அவனே அதை வெட்டிப் போட்டான்னு சொல்லுவாவ.

இப்படி இருக்கையில மாசி மாசம் வந்திச்சு. மலை பூராவும் காஞ்ச சருகு நிறம். ஆனா ரெண்டு முகட்டுக்கு நடுவுல ஒரு மடிப்பு இருக்கு பாருங்க, பள்ளக்காடுன்னு சொல்லுறது, அது மட்டும் பச்சை. பச்சைன்னா சும்மா பச்சை இல்ல, அடைமழை பெஞ்ச மறுநாள் இருக்குமே, அந்தப் பச்சை. போதாக்குறைக்கு அதுக்குள்ள நாங்கு மரமெல்லாம் செக்கச்செவேல்னு தளிர் விட்டு நிக்கி. இங்கன இருந்து பாத்தாலே தெரியுதாம்.

ஊருக்குத் தலைவரு அப்போ தளவாய்ங்கிறவரு. அவரு கோயில் மரத்தடியில ஊரைக் கூட்டிக் கையை மேக்க நீட்டினாராம்.

"இங்க குடிக்கத் தண்ணி இல்ல. அங்க மரம் தளிர் விடுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"யாரோ தண்ணிய மறிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்."

"யாரு?"

எல்லாரும் மலையைப் பாத்தாவ. சொல்லத் தேவை இல்ல. மலையில அன்னைக்கு இருந்தது ஒரே வீடு. மலைச்சனமான காணிக்காரங்க வீடு. மாதின்னு ஒரு பொம்பளை, நாப்பது வயசு இருக்கும். அவளும் நடக்க முடியாத அவ அப்பனும். மத்த காணிக்காரங்க கிழங்கு தேடி மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாவ. அப்பனைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாதுன்னு இவ மட்டும் அங்கனயே இருந்துட்டா. இருந்ததுதான் குத்தம்.

"பூலுடையாரே, தண்ணிக் களவு கண்டுபிடிக்க உம்மை விட்டா ஆளு இல்ல. நீரு போயி, எங்க மறிச்சிருக்கான்னு பாத்துட்டு வாரும்"னு தளவாய் சொன்னாராம்.

பூலுடையார் அவலும் கருப்பட்டியும் மடியில கட்டிக்கிட்டு வெள்ளன கெளம்பிட்டாரு.

மாதி குடிசைக்கு எதுத்தாப்புல ஒரு பாறை. அதுக்குப் பின்னால உக்காந்தாரு. முத நாள் பாத்தாரு. அவ வெறும் மூங்கில் குழாயோட பள்ளக்காட்டுக்குள்ள போறா, வரும்போது குழாயில தண்ணியோட வாரா. ஆகா, இருக்குன்னு நினைச்சாராம். ரெண்டாம் நாள் பின்னாலயே போனாரு. பாதி தூரத்துல அவளைக் காணல. மரமும் பிரம்புமாப் பின்னிக் கெடக்கு, எங்கன்னு தேட?

சரின்னு அவரே காட்டுக்குள்ள தேடுனாரு. ஓடை இருந்திச்சு, ஓடையில தண்ணி இல்ல. கல்லு காஞ்சு, கல்லுல இருந்த பாசி பொரிஞ்சு கெடக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அணை இல்ல, ஒரு மறிப்பு இல்ல. ஆனா சருகை விலக்கிக் கால வச்சா மண்ணு குளுகுளுன்னு இருக்கு. மேல இருவாச்சிப் பறவை சிறகடிச்சுப் போகுது. கருங்குரங்கு தளிரைப் பறிச்சுத் தின்னுட்டு மீதிய இவரு தலையில போடுது. தண்ணியக் காணல, ஆனா தண்ணி இருக்க எடத்துல என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்கு. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமப் போச்சாம். இது சாதாரணக் களவு இல்ல, பெருங்களவுன்னு நினைச்சாராம்.

மூணாம் நாள் பாறைக்குப் பின்னால உக்காந்திருக்காரு. மாதி குழாயோட வந்தவ, பாறைப் பக்கம் திரும்பாமலே கேட்டாளாம்.

"மூணு நாளா அதுக்குப் பின்னால உக்காந்திருக்கீரே அண்ணாச்சி, முதுகு வலிக்கலையா?"

பூலுடையார் எந்திரிச்சு வந்தாரு. வெக்கம் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம்.

"தண்ணி எங்க?"

"உம்ம காலுக்கு அடியில."

"என்கிட்ட விளையாடாதே."

"வாரும், காட்டுதேன்."

கூட்டிட்டுப் போனா. பள்ளத்துலயும் பள்ளமா ஒரு எடம். ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினா. அதுக்குக் கீழ ஒரு குழி, ஒரு கை ஆழம், அவ்வளவுதான். அடியில ரெண்டு தேங்காச் சிரட்டைத் தண்ணி தெளிஞ்சு நிக்கி. அவ இலையை மடிச்சு மொண்டா. மொள்ள மொள்ளச் சுத்தி இருந்த மண்ணு பைய கசிஞ்சு மறுபடி நிறையுது. குழாய் நிறைஞ்சதும் கல்லை மூடிட்டா.

"இது எங்க இருந்து வருது?"

"அந்த முகட்டுல பெஞ்ச மழை."

"முகட்டுல மழை பெஞ்சு மூணு வருசம் ஆகுது."

"ஆமா. பையத்தான் வரும்."

அவரு நம்பலைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. முகட்டுக்கே கூட்டிட்டுப் போனாளாம். அங்கயும் அதே நாங்கு மரம், அதே சாதி. ஆனா இலையெல்லாம் கருகி, தொட்டா நொறுங்குது. அவ கிழங்கு தோண்டுற கம்பால இடுப்பளவு தோண்டிப் பாத்தாரு. வெறும் புழுதி.

மாதி சொன்னா: "இங்க விழுற மழை இங்க நிக்காது அண்ணாச்சி. மரத்து வேரு மண்ணைப் பொதுபொதுன்னு வச்சிருக்கும். அது வழியா உள்ள இறங்கி, பள்ளத்தைப் பாத்து நடக்கும். கண்ணுக்குத் தெரியாம வருசக் கணக்கா நடக்கும். பள்ளத்து மரத்துக்கு வேரெல்லாம் அந்தத் தண்ணியிலதான் கெடக்கு. அதான் கோடையில தளிர் விடுது. மழைக்காலத்துல இங்க வெயிலே கிடையாது, பாதி மாசம் மூட்டம். வெயிலும் வேணும், அடியில தண்ணியும் வேணும்னா அதுக்கு இந்த மாசந்தான். மரம் குடிச்ச மீதி கீழ இறங்கி உம்ம ஊரு பாறையடிக்கு வருது. நீங்க குடிக்கதும் நான் குடிக்கதும் இதே தண்ணிதான்."

பூலுடையார் தலையை ஆட்டிக்கிட்டாரு. மனசுக்குள்ள என்ன ஓடிச்சாம்? நான் கேட்டது ஒரு வார்த்தை, இவ சொல்லுறது ஒம்பது வார்த்தை, அப்போ எதையோ மறைக்கான்னு ஓடிச்சாம்.

ஊருக்கு வந்தாரு. பாத்ததைச் சொன்னாரு. மாதி சொன்னதையும் சொன்னாரு, ஆனா ஒரு சிரிப்போட சொன்னாரு. தளவாய் கேட்டாராம், "கை ஆழத்துல தண்ணியா? அந்தப் பள்ளத்தோட வாயை வெட்டிவிட்டா, ஓடை வழியா நம்ம குளத்துக்கு வராதா?"

பூலுடையார் யோசிச்சுப் பாத்தாரு. அவரு தொழில் அது. "வரும்"னாரு.

பங்குனி பொறந்ததும் நாப்பது பேரு மம்பட்டியும் கடப்பாரையுமா மேல ஏறுனாவ. முன்னால போனது பூலுடையார். எங்க வெட்டணும், எவ்வளவு சாய்வு குடுக்கணும்னு கயிறு பிடிச்சுக் காட்டினதும் அவருதான். மாதி ஓடி வந்து பள்ளத்து வாயில நின்னாளாம்.

"வெட்டாதீங்க. வருசம் முழுக்கப் பைய வாரதை ஒரே வாரத்துல எறக்கிட்டா, மறு வாரம் நீங்களும் என்ன குடிப்பீங்க, நான் என்ன குடிப்பேன்?"

"இத்தனை நாளும் ஒத்தையில அனுபவிச்சவ வேற எப்படிச் சொல்லுவா"ன்னு பூலுடையார் சொன்னாராம். நாப்பது பேரும் சிரிச்சாவ. அவ ஒதுங்கிட்டா.

ஆறு நாள் வெட்டுனாவ. நெஞ்சு ஆழம், அறுவது தப்படி நீளம். ஆறாம் நாள் மண்ணு சொதசொதன்னு ஆகி, காலடியில ஊறி, வாய்க்கால் வழியாத் தண்ணி கலங்கலா எறங்கிச்சு. ஓடை கல்லெல்லாம் நனைஞ்சிச்சு. ஊரே ஓடையோரம் கூடவே நடந்து வந்திச்சாம், தண்ணி எந்தக் கல்லு வரைக்கும் வந்திருக்குன்னு பாத்துக்கிட்டு. குளத்துல வந்து விழுந்தப்போ கொட்டு அடிச்சாவ. பூலுடையாருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டாவ. அவரு வாழ்நாள்ல ஊரு அவரை நல்லதாப் பேசுனது அன்னைக்குத்தான்னு சொல்லுவாவ.

அந்தத் தண்ணி ஒம்பது நாள் வந்திச்சு.

நாலாம் நாள் பேராச்சி பாறையடி ஊத்துல இருந்து வந்து குடத்தை எறக்கி வச்சுட்டுச் சொன்னா, "இன்னைக்கு ஒரு குடத்துக்கு நூத்தி இருவது எண்ண வேண்டியிருந்திச்சு."

"நீ ஓட்டமா எண்ணியிருப்பே"ன்னாரு.

ஆறாம் நாள் சொன்னா, "நூத்தி அம்பது."

"உனக்குப் பின்னால நின்னு எண்ணினவ யாரு? அவளுக்கும் நமக்கும் ஆகாதுல்லா."

எட்டாம் நாள், "இருநூறு"ன்னா.

"ஊரே குளத்துல தண்ணி பாத்துக் கும்பிடுது, உனக்கு மட்டும் ஊத்துல கொறை. உன்னை யாரு தூண்டி விடுதா?"

பேராச்சி அவரை ஒரு தடவை பாத்தாளாம். அதுக்கப்புறம் எண்ணிக்கையைச் சொல்லுறதையே விட்டுட்டா.

ஒம்பதாம் நாள் வாய்க்கால் நின்னுபோச்சு. குளத்துக்கு வந்த தண்ணியும் முழங்கால்தான். காஞ்ச தரை பாதியக் குடிச்சிட்டு, வெயிலு பாதியக் குடிச்சிட்டு, நாலு நாள்ல சேறு, அஞ்சாம் நாள் வெடிப்பு. அதே அஞ்சாம் நாள் பாறையடி ஊத்துல ஒரு சொட்டு இல்ல. பொம்பளைய மத்தியானம் வரைக்கும் குடத்தோட நின்னு பாத்துட்டு வெறுங்குடத்தைத் தூக்கிட்டு வந்தாவ.

ஏழு வீட்டுக்காரங்க சட்டி பானையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாவ. மாடு தொழுவத்துல நின்ன நிலையில மடங்கி விழுந்திச்சு. தளவாயோட தாயாரு காய்ச்சல்ல கெடந்தாவ. பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சாவளாம். மறுநாள் காலையில இல்ல. கெழக்க ரெண்டு காத தூரத்துல ஆத்து மணலைத் தோண்டி வண்டியில தண்ணி கொண்டாந்தாவ, அது கொண்டாந்தவனுக்கே பத்தல.

ஊருல என்ன பேச்சு? காணிக்காரி வாய்க்காலை அடைச்சிட்டா. வேற என்ன பேச்சு இருக்கும்? பூலுடையாருக்கும் அதே நினைப்புத்தான். அரிவாளை எடுத்துக்கிட்டு ஒத்தையாக் கெளம்பினாரு. பேராச்சி வாசல்ல நின்னா. அவரு போறதைப் பாத்துட்டு வெறுங்குடத்தைக் கவுத்தி வச்சா.

மேல போனவரு பள்ளக்காட்டைப் பாத்து நின்னுட்டாராம். மூணு வாரத்துக்கு முந்தி செவப்பாத் தளிர்த்து நின்ன மரத்துல, தளிரெல்லாம் பழந்துணி கணக்காத் தொங்குது. பச்சை இலை பழுக்காமலே உதிர்ந்து கணுக்கால் உயரத்துக்குக் கெடக்கு. குருவிச் சத்தம் இல்ல. குரங்கு இல்ல. அவரு காலுக்குக் கீழ சருகு நொறுங்குற சத்தம் மட்டும்.

வாய்க்காலுக்குள்ள மாதி நிக்கா. கூடையில மண்ணு.

பூலுடையார் அரிவாளை இறுக்கிப் பிடிச்சாராம். நினைச்ச மாதிரியே கையும் களவுமாச் சிக்கிட்டாளேன்னு.

"நீதான் அடைச்சே"ன்னாரு.

"அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணுக்குத் தெரியுதுல்லா"ன்னா. அவ அரிவாளைப் பாத்தா, ஆனா கூடையைக் கீழ போடல.

"எப்ப ஆரம்பிச்சே?"

"முந்தாநேத்து."

"பொய் சொல்லுதே."

"நீரு மண்ணு வேலை தெரிஞ்ச ஆளு. எறங்கிப் பாரும். இதுல எத்தனை கூடை விழுந்திருக்கு? ஒரு பொம்பளை எத்தனை நாள்ல போட்டது? நான் சொல்லி நீரு நம்ப வேண்டாம்."

எறங்கிப் பாத்தாரு. மண்ணை அளந்து அளந்து பழகின கண்ணு. எழுவது கூடை இருக்கும். கொட்டின மண்ணு மேல்பக்கம் இன்னும் ஈரப்பதமா இருக்கு, காயல. ஒருத்தி ரெண்டு நாள், ரெண்டரை நாள்ல போட்ட மண்ணு. அதுக்கு மேல ஒரு கூடை இல்ல. அவ கையைப் பாத்தாரு. தோலு உரிஞ்சு செவந்து கெடக்கு.

"குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்யுதே?"

"கைக்குழி வத்திட்டு. இப்போ இடுப்பளவு தோண்டி, உக்காந்து இருந்தா ஒரு சிரட்டை. அப்பாவுக்குக் குடுத்துட்டு மீதி இருந்தா எனக்கு."

அப்பத்தான் பேராச்சி சொன்னது அவரு காதுல வந்து விழுந்திச்சாம். நூத்தி இருவது. நூத்தி அம்பது. இருநூறு. வாய்க்கால்ல தண்ணி ஓடுன நாலாம் நாளே ஊத்து கொறைய ஆரம்பிச்சிருக்கு. மாதி ஒரு கூடை மண்ணு போடுறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி. அவ ஓட்டமா எண்ணல. பின்னால நின்னவ மேலயும் தப்பு இல்ல. ஊத்துக்கு வர வேண்டிய தண்ணியத்தான் நான் கயிறு பிடிச்சுச் சாய்வு பாத்துக் குளத்துல கொட்டி வெயிலுக்குக் குடுத்திருக்கேன்னு அவருக்குப் புரிஞ்சிச்சு.

வாய்க்கால் கரையில உக்காந்துட்டாராம். அவரு எந்திரிக்கதுக்குள்ள மாதி நாலு கூடை கொட்டிட்டா.

அப்புறம் எந்திரிச்சு அரிவாளைக் கரையில வச்சாரு. "தாயி, எந்த மண்ணு போடணும்?"னு கேட்டாரு.

"கறையான் புத்துமண்ணு. தண்ணி தெளிச்சு மிதிக்கணும், தெளிக்கத் தண்ணி இல்ல. இறுக்கி மிதிச்சாப் போதும். ஒரு வரிசை மண்ணு, ஒரு வரிசை கல்லு."

ரெண்டு பேரும் போட்டாவ. மூணாம் நாள் ஊரு வந்து சேந்திச்சு. அரிவாளோட போன ஆளைக் காணலன்னு தேடி வந்தவங்க, அவரு மண்ணு சுமக்கதைப் பாத்துத் திகைச்சு நின்னாவளாம். முன்னால தளவாயும் ஆம்பளையளும். பின்னால வெறுங்குடத்தோட பொம்பளைய.

தளவாய் சொன்னாரு, "பூலுடையா, அன்னைக்கு மூணு நாள் இங்க இருந்தே. இப்போ மூணு நாள். இவகிட்ட என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல. ஊத்தை நிப்பாட்டுனது இவ இல்ல. நாம."

"நாமளா? எங்க வெட்டணும்னு காட்டினது நீ."

"ஆமா. நான்தான்."

"அன்னைக்கு வரும்னு சொன்னே. இன்னைக்கு அடைக்கணும்னு சொல்லுதே. உன்னை எந்த வார்த்தைக்கு நம்ப?"

ஆயுசு முழுக்க அடுத்தவன் வார்த்தையை நம்பாத மனுசன், தன் வார்த்தையை நம்புங்கன்னு எந்த வாயால கேப்பாரு? மண்ணுக் கூடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். நாலு பேரு அவரை வாய்க்கால்ல இருந்து இழுக்க எறங்குனாவ.

அப்போ பேராச்சி முன்னால வந்தா.

"எண்ணிக்கையை நான் சொல்லுதேன். வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைக்கு எம்பத்தி ரெண்டு. ரெண்டாம் நாள் எம்பத்தி அஞ்சு. மூணாம் நாள் நூறு. நாலாம் நாள் நூத்தி இருவது." நாள் நாளாச் சொல்லிக்கிட்டே வந்தாளாம். புருசன்கிட்டச் சொல்லுறதை விட்டாளே ஒழிய எண்ணுறதை விடல. ஒம்பதாம் நாள் இருநூத்தி அறுவது. பத்தாம் நாள் முந்நூறுக்கு மேல. "இந்த அக்கா எனக்குப் பின்னால நின்னா, கேளுங்க."

அந்தப் பொம்பளைக்கும் பேராச்சிக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு இல்ல. அவ சொன்னா, "எண்ணினது நான். அவ சொல்லுறது சரி."

இன்னொருத்தி, "எனக்கும் அதுதான்"னா. வரிசையா எல்லாரும் சொன்னாவ. நூறு வீட்டுப் பொம்பளையளுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆம்பளைய குளத்தங்கரையில கொட்டு அடிச்சிக்கிட்டு இருந்ததுனால யாரும் கேக்கல, அவ்வளவுதான்.

தளவாய் தாயாரை எரிச்சுப் பத்து நாள்கூட ஆகல. கோவத்தை வேற எங்க எறக்கி வைக்கன்னு தெரியாம நின்னாரு.

"அடைச்சும் வரலைன்னா?"ன்னு கேட்டாரு.

பூலுடையார் சொன்னாரு, "வரலைன்னா நான் இங்கனயே இருக்கேன், நீங்க செய்யறதைச் செய்யுங்க. ஆனா யாரும் என்னை நம்ப வேண்டாம். காவலுக்கு ஆளு போட்டுப் பாருங்க."

போட்டாவ. வடக்குத் தெருவுல நாலு பேரு. வடக்குத் தெருவை நம்ப முடியாதுன்னு தெக்குத் தெருவுல நாலு பேரு. எட்டுப் பேரும் ஒரு நாள் பூராவும் கரையில உக்காந்து பாத்தாவ. மறுநாள், இவங்க சரியா மிதிக்காவளா இல்லையான்னு பாக்க ஒருத்தன் உள்ள எறங்குனான். அவன் எறங்குனானேன்னு எதிர்த்தெருக்காரன் எறங்குனான். அப்படியே எட்டுப் பேரும் மண்ணு சுமந்தாவன்னு சொல்லுவாவ. நெஞ்சு ஆழ வாய்க்கால் அஞ்சு நாள்ல மேடாச்சு.

அதுக்கப்புறம் காத்துக் கெடந்ததுதான் பெரிய பாடு. பள்ளத்துல மூணு எடத்துல இடுப்புக் குழி. ஆளுக்கு வேளைக்கு ஒரு சிரட்டை. மொண்டு குடுத்தது மாதி. முதல்ல சீக்காளி, அப்புறம் பிள்ளைத்தாய்ச்சி, அப்புறம் மத்தவங்க. தளவாய் ஒரு நாள் வரிசையில கடைசியா வந்து நின்னாராம். அவ மொண்டு குடுத்தா, அவரு வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு.

இருவதாம் நாள் வரைக்கும் ஒண்ணும் இல்ல. அவ பொய்க்காரி, இவன் கிறுக்கன்னு மறுபடி பேச்சு கெளம்பிட்டு. இருவத்தி மூணாம் நாள் இடுப்புக் குழியில தண்ணி ஒரு சாண் ஏறியிருந்திச்சு. இருவத்தி ஏழாம் நாள் பாறையடி ஊத்துல மணலு ஈரத்துல கருத்திச்சு. பூலுடையார் கீழ எறங்கி வந்தாரு. தாடி வளந்து, ஆளு பாதியா ஆயிட்டாரு. பேராச்சி அங்க குடத்தோட நிக்கா. பாறையிடுக்குல நூலு கனத்துக்குத் தண்ணி எறங்குது.

"எண்ணும்"னு அவ சொன்னாளாம்.

"நீ எண்ணு. நான் கேட்டுக்கிடுதேன்"னாரு.

அவ எண்ணினா. நானூத்திச் சொச்சம் ஆச்சாம் ஒரு குடத்துக்கு.

அந்த வருசம் ஆனியில சாரல் வந்திச்சு. ஏழு வீட்டுல அஞ்சு வீடு திரும்பி வந்திச்சு, ரெண்டு வீடு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வாய்க்கால் ஓரம் நின்ன மரத்துல பதினோரு மரம் அப்புறம் தளிர்க்கவே இல்ல. பூலுடையார் அதுக்குப் பிறகு மனுசனை நம்ப ஆரம்பிச்சாருன்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் தவளை கத்துன வயல்ல எறங்கிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாராம்.

பள்ளக்காட்டு வாயில இப்பவும் நீளமா ஒரு மேடு கெடக்கு, மேல பிரம்பு மண்டி. விறகுக்குப் போறவங்க அதைத்தான் பூலுடையார் அடைப்புன்னு சொல்லுறது. அதுக்கு உள்ள யாரும் இரும்பு கொண்டு போகக் கூடாது. மம்பட்டி, அரிவாள், கம்பி எதுவானாலும் மேட்டுக்கு இந்தப் பக்கம் வச்சிட்டுத்தான் போகணும்.

பங்குனி ஒண்ணாந்தேதி நாலு பேரு அங்க போவாவ. நீர்பாய்ச்சி ஒருத்தர், வடக்குத் தெரு ஒருத்தர், தெக்குத் தெரு ஒருத்தர், மாதி வழியில வந்த காணிக்காரங்கள்ல ஒருத்தர். கையாலயே குழி தோண்டி, தண்ணி மணிக்கட்டு ஆழத்துல இருக்கா, முழங்கை ஆழத்துல இருக்கான்னு பாப்பாவ. பாத்துட்டு மூடிருவாவ. முழங்கை ஆழத்துக்கும் கீழ போயிருந்தா அந்த வருசம் கோடை நடவு கிடையாது. ஒருத்தர் போயிப் பாத்துச் சொன்னா ஆகாதான்னு வெளியூர்க்காரங்க கேப்பாவ. ஒருத்தர் சொன்னா நம்ம ஊரு கேக்குமா? நாலு பேரும் தனித்தனியாக் கையை விட்டு, தனித்தனியா வந்து சொல்லணும்.

இந்த வருசம் பங்குனி ஒண்ணு செவ்வாக்கிழமை வருது. வடக்குத் தெருவுல இருந்து யாரை அனுப்புறதுன்னு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காவ.